அயலார் அண்டையரான வரலாறு

சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பத்தினராகிய நமக்கு 'அயலார்' என்னும் சொல்லின் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை. 1911இல் சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டமாக அமைக்கப்பெற்ற சித்தூர், 1953 அக்டோபர் முதல் நாளில் ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. படாஸ்கர் அவர்களின் முடிவை ஒட்டி, 1960 ஏப்ரல் முதல் நாளில் திருத்தணி சென்னை மாநிலத்தை அடைந்தது. அதே நாளில், செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சத்தியவேட்டுப் பகுதி சித்தூர் மாவட்டத்தோடு இணைந்தது. பிழைப்பு நாடி இங்கு வந்தோர் பலர். இருந்த வீட்டைவிட்டு அகலாமலே வேற்று மாநிலத்தவரானோரும் பலர்.

அச் சத்தியவேட்டின் அருகே இன்று ஸ்ரீசிட்டி என்னும் தொழில் நகரம் எழுந்துள்ளது. 2022 முதல் அது திருப்பதி மாவட்டத்தைச் சார்ந்தது. இசுசு, கோபெல்கோ, டோரே முதலிய ஜப்பானிய நிறுவனங்கள் அங்கே ஆலைகள் அமைத்துள்ளன. கடல் கடந்து வந்த ஜப்பானியரும் நம் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ்ப் பணிபுரியும் காலம் இது. நாளை நம் பிள்ளைகளே அந்நாட்டில் குடியேறவும் கூடும். ஆதலின், அங்கே அயலார் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அறிவது நமக்குப் பயன் தருவதாகும்.

முற்காலத்தில் ஜப்பான் அயலாரை எளிதில் ஏற்கவில்லை. 1641இல் டச்சு வணிகர் நாகசாகித் துறைமுகத்தில் தெஜிமா என்னும் சிறு செயற்கைத் தீவில் குடியமர்த்தப்பெற்றனர். கரைக்கும் தீவுக்கும் இடையே இருந்தது ஒரே பாலம், அதிலும் காவல். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இந்நிலை நீடித்தது. 1853இல் அமெரிக்கத் தளபதி பெர்ரியின் கப்பல்கள் வந்தபின் கதவுகள் திறந்தன. எனினும், யோகோஹாமா, கோபே முதலிய துறைமுகங்களில் வகுத்த தனிக் குடியிருப்புகளிலேயே அயலார் வாழ வேண்டியிருந்தது. 1899இல்தான் அவ்வரம்பு நீங்கியது; அயலாரும் ஊருக்குள் ஜப்பானியரோடு கலந்து வாழும் உரிமை பெற்றனர்.

உரிமையைச் சட்டம் தந்தது. உறவைத் தந்தது அன்றாட வழக்கமேயாம். புதிதாகக் குடியேறுவோர் எதிரே மூன்று வீடுகளுக்கும் இருமருங்கும் உள்ள இரண்டு வீடுகளுக்கும் சென்று, சிறு துவாலையோ இனிப்போ அளித்துத் தம்மை அறிமுகம் செய்துகொள்வது அந்நாட்டு மரபு. இவ்வைந்து வீடுகளையும் 'முகோ சான்கென் ரியோதொனாரி' என்பர். தெருவின் செய்திகளைத் தாங்கிய பலகை ஒன்று வீடு வீடாகச் செல்லும்; படித்தவர் அடையாளமிட்டு அடுத்த வீட்டில் சேர்ப்பர். குப்பையை வகை பிரித்து, அவ்வவற்றிற்குரிய நாளில் மட்டுமே வெளியில் வைப்பர். இதில் தவறுவோர்மீது தெருவாருக்கு மனக்குறை உண்டாகும்.

சில வழக்கங்கள் நமக்குப் புதியன அல்ல. வாயிலில் காலணியைக் கழற்றியே அவர்களும் இல்லம் புகுவர். உணவுக் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டு வைத்தல் அங்கே பெரும் பிழை; இறந்தார்க்குப் படைக்கும் சோற்றிலேயே அவ்வாறு நடுவர். நீத்தார் சடங்குக்குரியதை நாம் மங்கல நாளில் விலக்குவது போன்றதே இது.

இவ்வழக்கங்கள் யாவும் மாறாதவை என்று கருதுதல் பொருந்தாது. தெருக் கூட்டமைப்புகளை 1940இல் போர்க்கால அரசு தன் கட்டுப்பாட்டுக் கருவியாக்கியது. தோல்விக்குப் பின், 1947இல் அவை தடை செய்யப்பெற்றன. 1952க்குப் பின் மக்கள் விருப்பால் மீண்டும் தழைத்தன. கட்டளையாக இருந்தது மறைந்தது. அண்டை அன்பாக இருந்தது நிலைத்தது.

யோகோஹாமாவில் வணிகம் செய்த இந்தியரின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. 1923 செப்டம்பர் முதல் நாளில் நேர்ந்த பெரு நிலநடுக்கத்தில் அவர்கள் வீடிழந்து தவித்தபோது, அந்நகர மக்கள் உதவினர். அந்நன்றியை மறவாத இந்தியர், பின்னாளில் யமஷிதாப் பூங்காவில் குடிநீர் மண்டபம் ஒன்றை எழுப்பி அளித்தனர். இன்றும் அது நிற்கின்றது.

இனி நம்மை நாமே நோக்குவோம். ஆண்டுதோறும் விழாவெடுத்துத் தமிழைப் போற்றுகின்றோம். அது நம் கடமை. ஆயினும், நம் காலனியின் சுவரே நமக்குத் தெஜிமா ஆகிவிடலாகாது. எதிர்வீட்டுத் தெலுங்கு அன்னையார் உகாதிப் பச்சடி கொணர்ந்தால், நம் பொங்கலும் அவ்வில்லம் செல்லட்டும். நம் பிள்ளைகள் தமிழ் எழுத்தோடு தெலுங்கு எழுத்தும் பயிலட்டும். நம் தெருவில் ஒரு ஜப்பானியக் குடும்பம் குடியேறுமாயின், அவர்கள் நம் கதவைத் தட்டும்வரை காத்திராமல் நாமே முதலில் சென்று வணக்கம் கூறுவோம். அயலார் வழக்கத்தை அறிவதால் நம் மரபு தேய்வதில்லை. நம்மை மதிப்போர் தொகையே பெருகும். ஐந்து வீடுகளோடு உறவு கொண்டவனுக்கு எவ்வூரும் தன்னூரே ஆகும்.