டோகோ: நூறாண்டு கடந்த வெந்நீர் மாளிகை

ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் மிகச் சிறியது ஷிகோக்கு. அங்கே மட்சுயாமா நகரின் ஓரத்தில் இருக்கிறது டோகோ வெந்நீர் ஊற்று. காலில் அடிபட்ட வெள்ளைக் கொக்கு ஒன்று பாறையிடுக்கில் கசிந்த வெந்நீரில் நாள்தோறும் நின்று புண்ணை ஆற்றிக்கொண்டதாம். அதைக் கண்டுதான் மனிதர்கள் இங்கே குளிக்கத் தொடங்கினார்கள் என்பது ஊர்க்கதை. எழுத்துச் சான்றும் பழையதுதான். 720இல் முடிந்த 'நிஹோன் ஷோகி' என்னும் வரலாற்று நூல், 684இல் நேர்ந்த பெரும் நிலநடுக்கத்தில் இந்த ஊற்று நின்றுபோனதைப் பதிவு செய்திருக்கிறது. 1707, 1854, 1946 நிலநடுக்கங்களிலும் நீர் நின்றது. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது.

இன்று நிற்கும் மூன்றடுக்கு மர மாளிகை 1894இல் எழுந்தது. அதன் கதையில் மறக்கக் கூடாத பெயர் இசனிவா யுகியா. டோகோ சிற்றூரின் முதல் தலைவரான அவர், பழுதுபட்டுக் கிடந்த பழைய குளியலகத்தை இடித்துப் புதிதாகக் கட்டத் துணிந்தார். செலவு 1,35,000 யென். ஊரே கடனில் மூழ்கும் என்று கடும் எதிர்ப்பு கிளம்பியது. அவர் தமக்குச் சம்பளம் வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு, வேலையை முடித்துக் காட்டினார். தச்சுவேலைக்குத் தலைமை ஏற்ற சகமோட்டோ மத்தஹாச்சிரோ, மட்சுயாமா கோட்டைத் தச்சர்களின் வழிவந்தவர். கூரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தோற்றத்தில் அந்தக் கோட்டைக் கை தெரிகிறது. உச்சியில் செந்நிறக் கண்ணாடி பதித்த சிறு முரசு மாடம். அதன் தலையில் ஒரு கொக்கு. காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு என மூன்று வேளையும் அங்கிருந்து முரசு ஒலிக்கும். 1899இல் அரச குடும்பத்துக்கெனத் தனிக் குளியல் பகுதியும் சேர்ந்தது.

மாளிகை எழுந்த மறு ஆண்டே, 1895இல், ஆங்கில ஆசிரியராக மட்சுயாமாவுக்கு வந்தார் நட்சுமே சோசெக்கி. 1906இல் அவர் எழுதிய 'போட்சன்' நாவலின் இளம் ஆசிரியனுக்கு அந்த ஊரில் எதுவும் பிடிக்காது, வெந்நீர்க் குளியல் ஒன்றைத் தவிர. ஆளில்லாத நேரத்தில் தொட்டிக்குள் நீச்சலடிப்பான். சில நாளில் நீந்தக் கூடாதென்று பலகை தொங்கும். இன்று மாளிகையின் குளியலறையில், போட்சன் பெயரைச் சொல்லியே அப்படியொரு பலகை மாட்டியிருக்கிறார்கள்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். 'தெய்வங்களின் நீர்' என்ற கூடம் எல்லோருக்கும் பொது. கருங்கல் தொட்டி, நடுவே நீர் கொட்டும் கல் தூண். ஆடையின்றி, தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து உடம்பைத் தேய்த்துக் கழுவிய பிறகே தொட்டியில் இறங்கலாம். துண்டு நீரில் படக் கூடாது. பல ஊற்றுகளின் நீரைக் கலந்தே சுமார் 42 டிகிரி சூட்டுக்குக் கொண்டுவருகிறார்கள், தனியே காய்ச்சுவதில்லை. தொட்டால் வழுவழுப்பான, காரத்தன்மையுள்ள நீர். சற்றுக் கூடுதல் கட்டணம் கொடுத்தவர்கள் யுகாட்டா என்னும் பருத்தி அங்கி அணிந்து மாடியேறி, கோரைப்பாய் விரித்த கூடத்தில் தேநீரும் அரிசி அப்பளமும் எடுத்துக்கொண்டு இளைப்பாறலாம்.

1994இல் மாளிகை தேசிய முக்கியப் பண்பாட்டுச் சொத்தானது. அருங்காட்சியகமாக்கிப் பூட்டிவைக்காமல் குளியலகமாகவே விட்டது சரியான முடிவு. 2019 ஜனவரியில் தொடங்கிய பெரும் பழுதுபார்ப்பின்போதும் ஒரு பக்கம் வேலை நடக்க, மறுபக்கம் குளியல் நடந்தது. 2024 ஜூலையில் மாளிகை முழுவதும் மீண்டும் திறக்கப்பட்டது.