நூற்றைத் தாண்டிய கூட்டுத்தொகை

சர்க்கரையில் கார்பன் எவ்வளவு என்று அறிய அதை எரித்தாக வேண்டும். எரித்தாலோ கார்பன் வாயுவாகிப் பறந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் கே லூசாக்கும் தெனாரும் அந்த வாயுவைச் சேகரித்துக் கன அளவை அளந்தார்கள். சேகரிக்க இடம் போதாமல் மிகக் கொஞ்சமாகத்தான் எரிக்க முடிந்தது. கொஞ்சமாக எரித்தால் சிறு பிழையும் பெரிதாகிவிடும்.

ஜெர்மனியின் கீசன் நகரில் 21 வயதிலேயே பேராசிரியரான யுஸ்டுஸ் லீபிக், 1831இல் இதற்கு வழி கண்டார். வாயுவை அளக்க வேண்டாம், நிறுத்துவிடலாம்! பொருளைத் தாமிர ஆக்சைடுடன் கலந்து குழாயில் சூடாக்கினால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வரும். நீராவியைக் கால்சியம் குளோரைடு உறிஞ்சிக்கொள்ளும். மிச்ச வாயு, முக்கோணமாக வளைத்த ஐந்து கண்ணாடிக் குமிழ்களுக்குள் நுழைந்து பொட்டாஷ் கரைசலில் கொப்பளித்துக் கரையும். எரிப்பதற்கு முன்னும் பின்னும் அந்தக் குமிழ்களைத் தராசில் வைத்தால் போதும். கைதேர்ந்தவர்களே திணறிய வேலையை கீசன் மாணவர்கள் அன்றாடம் செய்தார்கள்.

ஒரு கிராம் சர்க்கரை எரிந்தால் 1.544 கிராம் கார்பன் டை ஆக்சைடு கிடைக்கும். அதில் 44 பங்குக்கு 12 பங்கு கார்பன், ஆக 0.421 கிராம். 0.579 கிராம் நீரில் ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது 0.064 கிராம், ஹைட்ரஜன். மீதி ஆக்சிஜன்.

ஆனால் இந்த 12 அன்று பலரிடம் சரியாக இல்லை. ஸ்வீடனின் பெர்சீலியஸ் தந்த அணு எடை, இன்றைய அளவில் ஏறத்தாழ 12.23. வேதியியலாளர் பலர் அதை நம்பினார்கள். சர்க்கரையில் இந்தப் பிழை தெரியாது. மீதியெல்லாம் ஆக்சிஜன் என்று எழுதுவதால் அதற்குள் மறைந்துவிடும். ஆனால் பாச்சை உருண்டை செய்யும் நாப்தலீனில் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உண்டு. பழைய எண்ணை வைத்துக் கணக்கிட்டால் ஒரு கிராம் நாப்தலீனுக்குள் 1.013 கிராம் தனிமங்கள் இருப்பதாக வரும்! அளவீடு துல்லியமான பிறகுதான் இந்த அபத்தம் கண்ணில் பட்டது என்பதே இந்த வரலாற்றின் அழகு.

1840இல் டூமாவும் ஸ்டாஸும் வைரத்தையும் கிராஃபைட்டையும் ஆக்சிஜனில் எரித்து, வந்த வாயுவை நிறுத்தார்கள். விடை 12 என்று வந்தது. வெளியான கார்பன் சதவீதங்கள் எல்லாம் திருத்த வேண்டியவையாயின. எடுத்த பொருள், கிடைத்த வாயு, நீர் ஆகியவற்றின் எடைகளையும் ஆய்வாளர்கள் பதிந்து வைத்திருந்த இடங்களில் எதையும் மீண்டும் எரிக்க வேண்டியிருக்கவில்லை. அதே எடைகளைப் புதிய விகிதத்தால் பெருக்கினாலே போதுமானதாக இருந்தது.