தொலைந்த பைக்கு இரண்டு தள்ளுபடிகள்

அமெரிக்காவில் ஒரு கைதியைச் சிறை மாற்றும்போது அவருடைய பைகளைக் கணக்கெடுத்துக் கட்டி அனுப்புவது அதிகாரிகள்தான். பொருள் தொலைய இதைவிட வாகான இடம் வேறில்லை. தொலைந்ததற்கு இழப்பீடு கேட்டால் வழக்கு எப்படிப் படுத்துப்போகும் என்பது, அது மத்திய அரசின் சிறையா மாநிலச் சிறையா என்பதைப் பொறுத்தது.

மத்தியச் சிறைக்கு அலி என்ற கைதியின் வழக்கைப் பார்க்கலாம். 2003 டிசம்பரில் அட்லாண்டாவிலிருந்து கென்டக்கிக்கு மாற்றப்பட்ட அவர், இரண்டு பைகளை அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார். போய்ப் பிரித்துப் பார்த்தால் குர்ஆன் பிரதிகள் இரண்டு, தொழுகை விரிப்பு, சமயப் பத்திரிகைகள் உள்பட பலவற்றைக் காணோம். அவர் போட்ட மதிப்பு 177 டாலர். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்று சிறைத்துறை மனுவை நிராகரித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே யாரும் பையைப் பற்றிப் பேசவில்லை. அரசின் மீது வழக்குப் போட வழிசெய்யும் 1946-ஆம் ஆண்டுச் சட்டம், சுங்க, கலால் அதிகாரிகளும் மற்றச் சட்ட அமலாக்க அதிகாரிகளும் பிடித்துவைக்கும் பொருள்களுக்கு விலக்குத் தருகிறது. சிறை ஊழியரும் அதில் அடக்கம் என்று 2008-இல் ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். நால்வர் இல்லை என்றார்கள். அத்தோடு முடிந்தது. பை எங்கே போனது என்ற கேள்வி விசாரணைக்கே வரவில்லை.

நியூயார்க் மாநிலத்தில் கதை வேறு. அரசின் மீதான இழப்பீட்டு வழக்குகளுக்கென்றே அங்கே தனி நீதிமன்றம் உண்டு. சிறைக்குள் இரண்டு கட்ட முறையீடு முடிந்ததும் 120 நாளுக்குள் மனுப் போட வேண்டும். கட்டணம் 50 டாலர். பணமில்லாத கைதிக்கு 15 வரை குறையும். சட்டமும் கைதி பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கிறது. அதிகாரிகளிடம் கொடுத்தேன், திரும்பி வரவில்லை என்று காட்டிவிட்டால், விளக்கம் சொல்வது அரசின் பாடு. அலிக்கு இதில் கால்வாசி கிடைத்திருந்தாலும் போதும்.

ஆனால் வழக்கின் முறை வருவதற்குள் ஆள் விடுதலையாகிப் போயிருக்கலாம். முகவரி மாறினால் 10 நாளுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்பது நீதிமன்ற விதி. தங்க இடமும் வேலையும் தேடி அலைகிறவருக்கு அந்தப் பத்து நாளில் நீதிமன்ற எழுத்தரின் நினைவு வருமா? விசாரணைத் தேதி சொல்லும் கடிதம் பழைய சிறைக்குப் போய்த் திரும்புகிறது. பெயர் கூப்பிடுகிறார்கள். ஆஜர் இல்லை. வழக்கை நடத்தத் தவறியதால் தள்ளுபடி. நீதிபதியைக் குறை சொல்லிப் பயனில்லை. வராதவருக்காக எத்தனை தடவைதான் வாய்தா போடுவார்?

எனக்கு உறுத்துவது வேறொன்று. இந்த வழக்கில் எதிர்வாதி மாநில அரசு. 2011-இல் அங்கே சிறைத்துறையையும் பரோல் துறையையும் ஒன்றாக்கிவிட்டார்கள். பரோலில் வந்தவர் எங்கே குடியிருக்கிறார் என்று அந்தத் துறைக்குச் சொல்லியாக வேண்டும். ஆக, நீதிமன்றத்தின் கடிதம் ஆளைக் காணாமல் திரும்புகிறது. எதிர்வாதியின் கோப்பிலோ அவருடைய வாசல் எண் வரைக்கும் இருக்கிறது.

இதைச் சில்லறை விஷயம் என்று தள்ள முடியாது. நெப்ராஸ்கா கைதி ஒருவர், தபாலில் வரவழைத்த 23.50 டாலர் பெறுமான கைவினைப் பொருள்கள் தொலைந்ததற்காக வழக்குப் போட்டார். மாநிலச் சட்டமே பரிகாரம் தருவதால் அரசியலமைப்பு மீறப்படவில்லை என்றது 1981-இல் உச்ச நீதிமன்றம். மாநிலக் கைதியை அந்தத் தீர்ப்பு அனுப்பிவைப்பது இந்த மாநில நீதிமன்றங்களுக்குத்தான்.

அதனால் இரண்டில் நியூயார்க் தள்ளுபடியைத்தான் நான் மோசமானது என்பேன். அலிக்கு உரிமையே இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். மாற்றுக் கருத்தும் பதிவாகியிருக்கிறது. நியூயார்க் கைதிக்கு உரிமை இருந்தும் ஒரு தபாலில் போய்விடுகிறது. மத்தியச் சட்டத்தைத் திருத்த அமெரிக்க நாடாளுமன்றம் மனம் வைக்க வேண்டும். நியூயார்க்கிலோ, பரோலில் இருக்கும் மனுதாரரின் புது முகவரியை எதிர்வாதியே நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அந்தப் பத்து நாள் விதியோடு ஒரு வரி சேர்த்தால் போதும்.