விதிப்புத்தகத்தை யார் வைத்திருப்பது?

புதிய போட் கேம் ஒன்றின் பெட்டியைத் திறந்தால் முதலில எங்களைப் பயமுறுத்துறது அதின்ர விதிப்புத்தகம்தான். ஒருவர் அதை வாசித்து விளங்கப்படுத்தி முடிக்கிறதுக்குள்ள பாதிப்பேர் போனை எடுத்துவிடுவினம். இந்தத் தலைமுறைக்குப் பொறுமை இல்லை என்பார்கள். ஆனால் இருநூறு வருசத்துக்கு முன்னமே பிரஷ்ய இராணுவம் இதே சிக்கலோடு மல்லுக்கட்டியிருக்கிறது.

1824இல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் பீரங்கிப்படை அதிகாரி 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்ற போர் விளையாட்டின் விதிகளை வெளியிட்டார். 1:8000 அளவில் வரைபடம், ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடப் போர், இழப்புகளைக் கணக்கிடத் தாயக்கட்டையும் அட்டவணைகளும் என்று கனக்க விசயங்கள். ஆனால் விளையாடுபவர் இதை எல்லாம் பாடமாக்கத் தேவையில்லை. அவர் கட்டளையை எழுதிக் கொடுப்பார். கணக்குப் பார்த்துக் கட்டைகளை நகர்த்துவது நடுவரின் வேலை. இண்டைக்குச் சேர்ந்தவரும் இண்டைக்கே விளையாடலாம்.

அப்ப பாரம் முழுக்க நடுவரின் தலையில். அட்டவணைகளைப் புரட்டிப் புரட்டி ஆட்டம் ஊர்ந்தது. நடுவராக இருக்க ஆள் கிடைப்பதும் கஷ்டமாகியது. 1870களில் மெக்கல் என்ற அதிகாரி இந்த இறுக்கமான விதிகளை விமர்சித்தார். 1876இல் வெர்டி டு வெர்னுவா இன்னும் ஒரு படி போனார்: அட்டவணையும் வேண்டாம், தாயக்கட்டையும் வேண்டாம், அனுபவமுள்ள நடுவரே முடிவு சொல்லட்டும் என்றார். ஆட்டம் வேகமாகியது, சொல்லிக்குடுக்கிறதும் லேசாகியது.

ஆனால் இதுக்கு ஒரு விலை இருக்கு. விதி புத்தகத்தில் இருந்தால், கடைநிலை அதிகாரியும் பக்கத்தைக் காட்டி வாதாடலாம். விதி மேலதிகாரியின் தலைக்குள் இருந்தால் அவரோடு எப்பிடி வாதாடுவது? அதுவும் போருக்கு ஆட்களைத் தயார்ப்படுத்துகிற விளையாட்டில், மேலதிகாரியின் பிழையான நம்பிக்கை அப்பிடியே பாடமாகிவிடும்.

எங்கட மேசையில் உயிர்கள் இல்லை. ஆனாலும் புதிசா வந்த ஒருவர் 'உண்மையாவே இதுதான் விதியா?' என்று கேட்க ஏலாமல் தோற்றால், அடுத்த கிழமை அவர் வரமாட்டார். அதனால், முதலில விளையாட விடுவம்; விதியைத் தேவை வரேக்க சொல்லுவம். புத்தகத்தை மட்டும் எல்லாருக்கும் கை எட்டுற இடத்தில் திறந்து வைப்பம்.