கழகக் கால்பந்துப் பருவம் (கொழும்பு)

கொழும்பு மாநகரிலும் களனி கங்கைக்கு அப்பாலுள்ள களனியிலும் கழகங்களுக்கிடையே நடைபெறும் கால்பந்தாட்டத்தின் ஆண்டுச் சுற்று. ஒப்பீட்டுக்கு நெதர்லாந்தின் எரெடிவிசி லீக்கை எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஓகஸ்டில் தொடங்கும் பருவம் மே மாதத்தில் முடியும், குளிர்காலத்தில் சில வாரங்கள் ஓய்ந்திருக்கும். கொழும்புப் பருவத்துக்கு அப்படியொரு நிலையான நாட்காட்டி அமையவில்லை. மழை, மைதானம் கிடைப்பது, கால்பந்துச் சம்மேளனத்தின் நிர்வாக நிலை ஆகிய மூன்றுமே இங்கு பருவத்தின் தொடக்கத்தையும் முடிவையும் தீர்மானித்து வந்துள்ளன.

தொடக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியப் படையினர் காலி முகத்திடலில் ஆடிய ஆட்டத்திலிருந்து இந்த வரலாறு தொடங்குவதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. முதல் ஆட்டம் எந்த ஆண்டில் நடந்தது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.   பந்தைக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயரே. சோண்டர்ஸ் விளையாட்டுக் கழகம் 1918இலும் இலங்கைக் கால்பந்துச் சங்கம் 1939இலும் நிறுவப்பட்டன. ஃபிஃபாவில் சேர்ந்த ஆண்டாகப் பெரும்பாலும் 1952 குறிப்பிடப்படுகிறது; அதற்கு முந்திய ஆண்டைத் தருவோரும் உண்டு.

எப்.ஏ. கிண்ணம் 1940களின் இறுதியில் தொடங்கியது. நாடளாவிய லீக் 1985இல்தான் வந்தது. அதுவரை கிண்ணப் போட்டிகளும் நகர லீக்குகளுமே பருவத்தின் முதுகெலும்பாக இருந்தன. லீக்கின் முதல் ஆண்டில் சோண்டர்ஸ் வென்றது. லீக்கையும் கிண்ணத்தையும் அதிக தடவை வென்ற கழகமும் அதுவே.

கொட்டாஞ்சேனைக் கழகங்கள்

1990களில் பருவத்தின் மையம் வடகொழும்புக்கு நகர்ந்தது. கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த ரினௌன், ரட்ணம் ஆகிய இரு கழகங்களும் சோண்டர்ஸின் ஆதிக்கத்துக்குச் சவாலாக எழுந்தன. அதே பகுதியிலுள்ள புனித ஆசீர்வாதப்பர் கல்லூரியின் பழைய மாணவர் கழகமும் தேசிய மட்டத்தில் ஆடியது. தமிழ், சிங்கள, முஸ்லிம், மலாய் இளைஞர்கள் ஒரே சட்டையில் இறங்குவது இப்பகுதி அணிகளில் வழமையான காட்சி. தெற்கே வெள்ளவத்தையில் பந்தில் ஆர்வம் குறைவில்லை என்றாலும் பட்டம் வெல்லும் கழகம் அங்கிருந்து எழவில்லை. 1995இல் சுகததாச அரங்கில் இலங்கை அணி கோல்டன் கோல் மூலம் இந்தியாவை 1-0 என வென்று தெற்காசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அந்த அரங்கு கொட்டாஞ்சேனைக்கு அருகிலேயே இருப்பதை அப்பகுதியினர் தங்கள் பெருமைக் கணக்கில் சேர்த்துக்கொள்வதுண்டு.

மைதானங்கள்

பருவம் நீள்வதற்கான காரணத்தை மைதானங்களிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். கொழும்புக் கழகங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்த மைதானம் இல்லாததால், சொந்த மண் ஆட்டம் என்பது பெரும்பாலும் அட்டவணையில் மட்டுமே இருக்கும். ஆட்டங்கள் சுகததாச அரங்கு, கொம்பனித்தெரு மலே வீதியிலுள்ள சிட்டி லீக் மைதானம், ரேஸ்கோர்ஸ், களனி கால்பந்து வளாகம் என மாறிமாறி நடக்கும். சுகததாச அரங்கை மெய்வல்லுநர் போட்டிகளும் ரேஸ்கோர்ஸை றக்பியும் கேட்டு நிற்கும். அவை இடம் கொடாத வாரங்களில் நாடளாவிய லீக் ஆட்டங்கள் ஆற்றைக் கடந்து களனிக்குப் போயின.

   

மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று இறங்கியதும் எந்த மைதானமும் உறுதியில்லை. கோல் முன்னால் குட்டை தேங்கினால் நடுவர் பந்தைத் தோளளவு தூக்கிக் கீழே விட்டுப் பார்ப்பார். எழும்பாமல் ‘சொத்’ என்று ஒட்டிக்கொண்டால் ஆட்டம் இன்னொரு நாளுக்குப் போகும். அந்த இன்னொரு நாளுக்கு மறுபடியும் மைதானம் தேட வேண்டும். கொழும்பு எப்.சி. தொடர்ச்சியாக வென்ற மூன்று பட்டங்களும் 2015, 2016–17, 2017–18 எனப் பதிவாகியிருப்பதைப் பார்த்தாலே பருவத்தின் எல்லை எவ்வளவு நெகிழ்வானது என்பது தெரியும்.

2019ஆம் ஆண்டு

 நடப்புச் சம்பியனாக, ஆசியக் கழகங்களுக்கான ஏ.எப்.சி. கிண்ணத் தகுதிச் சுற்றில் இறங்கிய கொழும்பு எப்.சி. முதலில் பூட்டானின் டிரான்ஸ்போர்ட் யுனைடெட்டை வெளியேற்றியது. அடுத்து எதிரே வந்தது, 2017–18 இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) பட்டத்தை வென்றிருந்த சென்னையின் எப்.சி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே போட்டியில் இந்தியாவின் மோகன் பகானிடம் இரு ஆட்டங்களிலும் 1-2 எனத் தோற்றிருந்ததால் கொழும்பு அணியிடம் பெரிதாக எதுவும் எதிர்பார்க்கப்படவில்லை. ஆனால் மார்ச் 6ஆம் திகதி ரேஸ்கோர்ஸில் நடந்த முதல் ஆட்டம் கோலின்றி முடிந்தது. செலவிலும் வசதியிலும் பன்மடங்கு பெரிய அணியைத் தொண்ணூறு நிமிடம் கட்டிப்போட்டது இலங்கைக் கழகமொன்றின் சிறந்த ஆட்டங்களுள் ஒன்றாக வைக்கத்தக்கது. ஒரு வாரம் கழித்து நடந்த இரண்டாவது ஆட்டத்தில் சென்னை அணிக்குத் தன் ஊர் மைதானம் கிடைக்கவில்லை; அகமதாபாத்தில் ஆடியது. இரண்டாம் பாதியில் ஜெஜே லால்பெக்லுவா அடித்த ஒரே கோல் கொழும்பின் பயணத்தை முடித்தது.

அடுத்த மாதம் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்கள் நடந்தன. கொட்டாஞ்சேனையை அடுத்துள்ள கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயமும் இலக்குகளில் ஒன்று. இத்தாக்குதல்களைத் தொடர்ந்து, ஜூனில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றின் இரண்டாவது ஆட்டத்துக்குக் கொழும்பு வர மக்காவ் மறுத்தது. முதல் ஆட்டத்தில் 0-1 எனத் தோற்றிருந்த இலங்கை, ஃபிஃபாவின் தீர்ப்பால் 3-0 எனும் கணக்கில் அடுத்த சுற்றுக்குச் சென்றது.

பின்னர்

2021இல் முதலாவது தொழில்முறைத் தொடராக சூப்பர் லீக் பத்துக் கழகங்களுடன் தொடங்கியது. ரட்ணமும் ரினௌனும் அவற்றில் இருந்தன. கொவிட் காரணமாக இடையில் நின்று தொடர்ந்த அதைக் களுத்துறையின் ப்ளூ ஸ்டார் வென்றது. மறு ஆண்டு ஏ.எப்.சி. கிண்ணத்தில் அக்கழகம் நேபாளத்தின் மச்சிந்திராவை வென்றபின் கொல்கத்தாவில் மோகன் பகானிடம் 0-5 எனத் தோற்றது. 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கைக்கு விதித்த தடை ஓகஸ்டில் நீக்கப்பட்டது. 2024 செப்டெம்பரில் இலங்கை அணி கம்போடியாவைப் பெனால்டியில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் முன்னேறியது; அந்த அணியில் வெளிநாடுகளில் பிறந்து அங்கேயே கழகக் கால்பந்து பயின்ற இலங்கை வம்சாவளி வீரர்கள் பலர் இடம்பெற்றனர்.