ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம்

காவிரி நீரைச் சுத்திகரித்து, தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களின் ஊர்களுக்கும் வழங்கும் திட்டம். ‘புளோரோசிஸ் பாதிப்புத் தணிப்பு’ என்பது இதன் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே இடம்பெற்றுள்ளது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கிறது. வீதிகளுக்குத் திறந்துவிடுவது உள்ளாட்சி அமைப்புகள்.

அரூர் வட்டத்துத் தீர்த்தமலையில் பாறை உச்சியிலிருந்து இராம தீர்த்தம் விழுகிறது. இராமர், குமரர், கௌரி, அகத்தியர், அக்னி என்று தீர்த்தங்களின் பெயராலேயே அறியப்படும் மலை அது. ஆனால் அந்த மலையைச் சுமக்கும் தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைடு மிகுதி. கடினப் பாறைகளிலிருந்து கரைந்து வருவது அது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது. கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது; காய்ச்சினாலும் போகாது. சிறுவயதில் பல் உருவாகும் காலத்தில் இந்த நீரைக் குடித்த பிள்ளைக்கு நிலைப்பல் முளைக்கும்போதே பழுப்புக் கோடுகளோடு முளைக்கும். எத்தனை தேய்த்தாலும் அந்தக் கறை அழியாது. வாயை மூடிக்கொண்டே சிரிக்கப் பழகிவிட்ட பிள்ளைகள் உண்டு. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து குடித்தவர்களுக்கு முதுகும் முழங்காலும் இறுகிப்போகின்றன. இதுதான் புளோரோசிஸ்.

கிணறு ஆழமானால் தீர்ந்துவிடும் நோயல்ல இது; வெளியிலிருந்து ஆற்றுநீர் வந்தாக வேண்டும். ஆனால் ஆறோ காவிரி. 1998-இல் மத்திய அரசின் முன்னிலையில் தமிழகமும் கர்நாடகமும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: பெங்களூருவின் குடிநீர் விரிவாக்கத்தைத் தமிழகம் தடுக்காது, ஒகேனக்கல் திட்டத்துக்காக 1.4 டி.எம்.சி. நீர் எடுப்பதைக் கர்நாடகம் தடுக்காது. இருபுறமும் குடிநீர்த் தேவை இருந்ததே அந்த உடன்பாட்டின் பலம் என்று கருத வேண்டும்.

2008 பிப்ரவரியில் முதல்வர் மு. கருணாநிதி அடிக்கல் நாட்டினார். சில வாரங்களில் கர்நாடகத்தில் எதிர்ப்பு வெடித்தது. அங்கே தேர்தல் நெருங்கியிருந்ததால், புதிய அரசு அமையும்வரை திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர், ஜப்பான் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமையின் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாய் மதிப்பில் பணிகள் நடந்தன. 2013 மே மாதம் முதல்வர் ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அடிக்கல்லுக்கும் திறப்புக்கும் இடையே ஆட்சி மாறியும் பணி கைவிடப்படவில்லை. இந்த வரலாற்றில் மிகவும் மதிக்கத்தக்க செய்தி அதுவே.

அன்றைய கணக்கில் 3 நகராட்சிகள், 17 பேரூராட்சிகள், 18 ஊராட்சி ஒன்றியங்கள் இதில் அடங்கின. ஒகேனக்கல்லில் சுத்திகரித்த நீர் பென்னாகரம் பக்கம் மடம் என்ற மேட்டுக்கு ஏற்றப்பட்டு, அங்கிருந்து குழாய்களில் பிரிகிறது. தீர்த்தமலை இருப்பது மாவட்டத்தின் மறுகோடியில். சாலை வழியே ஒகேனக்கல்லிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். இத்தனை நீண்ட குழாயில் நடுவழியில் எங்கு உடைப்பு ஏற்பட்டாலும் கடைசி ஊருக்குத்தான் முதலில் தண்ணீர் நிற்கும்.

திட்டத்தின் உயிர் ஊரின் மேல்நிலைத் தொட்டியில் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி குடிநீர் வழங்குவது ஊராட்சியின் கடமை. டேங்க் ஆபரேட்டர் விடியற்காலையில் வால்வைத் திருப்பினால்தான் காவிரி தெருவுக்கு வரும். ஆற்றுநீர் குறையும் நாளில் அதே தொட்டியில் போர் தண்ணீரையும் ஏற்றினால், ஜப்பான் வரை போய்க் கடன் வாங்கி எந்தப் புளோரைடை விலக்கினோமோ அதுவே மீண்டும் குடத்துக்கு வந்துவிடும். வாரியம் எவ்வளவு தண்ணீர் தருகிறது, ஊராட்சி அதில் எதைக் கலக்கிறது என்பதை இரு தரப்பும் ஒரே பதிவேட்டில் எழுதினால், இந்தக் குறையைப் பெருமளவு தடுக்கலாம். குடிப்பதற்கு ஒகேனக்கல் தண்ணீர், புழங்குவதற்குப் போர் தண்ணீர் என்று தொட்டியையும் குழாயையும் தனித்தனியாக வைப்பது அதைவிடப் பாதுகாப்பானது.

2019-இல் ஜல் ஜீவன் இயக்கம் வந்தபின், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் வீதம் வீட்டுக்குள்ளேயே குழாய்நீர் என்பது இலக்காயிற்று. ஒசூர் போன்ற நகரங்களும் வளர்ந்துவிட்டன. முதல் கட்டத்தின் அளவு இவற்றுக்குப் போதாததால் இரண்டாம் கட்டத்தைத் தமிழக அரசு அறிவித்தது. அதிலும் குழாயின் கடைசியில் அரூர்ப் பக்கத்து ஊர்கள் இருக்கக்கூடும்.