வெஸ்ட்பாலியா சமாதானம்

வெஸ்ட்பாலியா சமாதானம் என்பது, 1618 முதல் 1648 வரை நடு ஐரோப்பாவைச் சூறையாடிய முப்பதாண்டுப் போரை முடித்துவைத்த உடன்படிக்கைகளின் பொதுப்பெயர். மடிந்தோர் தொகை குறித்து ஒருமித்த கருத்து இல்லை. புனித ரோமப் பேரரசின் மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் என்று பழைய ஆசிரியர்கள் எழுதினர். ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் என்பர் பின்வந்தோர் சிலர். இந்தச் சமாதானம் நுணுக்கமாக எழுதப்பட்ட இடங்களில் நிலைத்தது, மழுப்பி எழுதப்பட்ட இடங்களில் உடைந்தது. அதன் வரலாற்றை இப்படித்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

முந்தைய முயற்சிகள் பலிக்கவில்லை. பேரரசர் 1629இல் லியூபெக்கில் டென்மார்க்குடனும், 1635இல் பிராகில் சாக்சனியுடனும் சமாதானம் செய்துகொண்டார். சுவீடனும் பிரான்சும் வெளியே நின்றதால் போர் ஓயவில்லை. எங்கே கூடிப் பேசுவது என்பதே 1641 டிசம்பரில் ஹாம்பர்க்கில்தான் முடிவாயிற்று.

பேச்சுவார்த்தை ஒரே ஊரில் நடக்கவில்லை. கத்தோலிக்க அரசுகள் மியூன்ஸ்டரிலும், சுவீடனும் புரோட்டஸ்டண்ட் அரசுகளும் சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி ஆஸ்னாபுரூக்கிலும் கூடின. இரண்டு ஊர்களும் நடுநிலை என அறிவிக்கப்பட்டன. ஆனால் வெளியே பொதுவான போர்நிறுத்தம் இல்லை. ஒவ்வொரு வெற்றியும் தோல்வியும் பேரத்தை ஏற்றி இறக்கியது. எல்லாத் தரப்பும் ஒன்றாக அமர்ந்த பொதுக்கூட்டம் ஒருநாள்கூட நடக்கவில்லை. யார் முதலில் நுழைவது, யாரை எந்தப் பட்டம் சொல்லி விளிப்பது என்ற பிணக்குகளிலேயே மாதங்கள் கரைந்தன. சுவீடன் தூதர் யோஹான் ஆக்சென்ஸ்டியர்னா எழுவதையும் உண்பதையும் எக்காளமும் முரசும் அறிவித்தனவாம். இதை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. முதல் இருக்கையை விட்டுக்கொடுத்தவர் தம் அரசரின் உரிமையையே விட்டுக்கொடுத்ததாக அன்று பொருள் கொள்ளப்பட்டது. சமரசம் பேசிய போப்பின் தூதர் ஃபாபியோ கீஜி, புரோட்டஸ்டண்டுகளோடு நேரில் பேச மறுத்தார். மியூன்ஸ்டரில் அவரும் வெனிஸ் தூதர் அல்விசே கொந்தரீனியும் எதிரெதிர்த் தரப்புகளின் சொற்களை இங்குமங்கும் சுமந்தார்கள்.

மிகக் கடினமான முடிச்சு மதம். தேவாலயச் சொத்துகள் யாருக்கு என்ற கேள்விக்கு, 1618இன் நிலை திரும்ப வேண்டும் என்றனர் புரோட்டஸ்டண்டுகள். தங்கள் கை ஓங்கியிருந்த பின்னாளைய நிலையைக் கேட்டனர் கத்தோலிக்கர். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிப்பதை விட்டுவிட்டு, 1624 ஜனவரி 1 அன்று எது யாரிடம் இருந்ததோ அது அவருக்கே என்று ஒரு தேதியை வகுத்தார்கள். சுவீடன் படையைக் கலைக்க 50 லட்சம் தாலர் என்று தொகையையும் குறித்தார்கள். 1648 அக்டோபர் 24இல் உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. போர் தொடங்கிய பிராக் நகரில், செய்தி வந்துசேரும்வரை முற்றுகை நடந்துகொண்டிருந்தது.

அதே ஆண்டு மே 15இல் ஸ்பெயினும் நெதர்லாந்தும் மியூன்ஸ்டர் நகர மன்றத்தில் தங்கள் தனிச் சமாதானத்துக்கு உறுதிமொழி எடுத்தன. ஓவியர் கெரார்ட் தெர் போர்க் அதைச் சிறிய செப்புத் தகடொன்றில் தீட்டினார். நெதர்லாந்தினர் இரு விரல் உயர்த்தி நிற்கிறார்கள். ஸ்பெயின் தூதரின் கை வேதநூலின்மேல் இருக்கிறது. எண்பதாண்டுப் பகைவர்கள் ஒரே மேசையைச் சுற்றி, அவரவர் வழக்கப்படி ஒரே உறுதிமொழியைச் சொல்கிறார்கள். ஓரத்தில் ஓவியரும் நிற்கிறார்.

மழுப்பலான சொற்கள் இல்லாமல் எந்த உடன்படிக்கையிலும் கையெழுத்து விழாது என்று மறுப்போர் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. அல்சாஸில் பிரான்ஸ் பெற்றது முழு ஆட்சியா, சில உரிமைகள் மட்டுமா என்பது இருபொருள்பட விடப்பட்டது. தெளிவாக எழுதியிருந்தால் ஏதேனும் ஒரு தரப்பு எழுந்து போயிருக்கக்கூடும். ஆனால் அந்த இடைவெளி வழியாகத்தான் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி உரிமை கோரி, 1681இல் ஸ்ட்ராஸ்பூர்கையும் கைப்பற்றினார். மழுப்பல் கையெழுத்தை வாங்கித் தந்தது, அமைதியை வாங்கித் தரவில்லை. 1624 என்ற விதியோ பேரரசுக்குள் மதச்சண்டை மீண்டும் பெரும்போராகாமல் காத்தது. அந்த விதிக்கும் விலை இருந்தது. பேரரசரின் ஹாப்ஸ்பர்க் குடும்பப் பரம்பரை நிலங்களில் அது பெரும்பாலும் செல்லவில்லை. அதனால் கொமேனியஸ் முதலான பொஹீமியப் புரோட்டஸ்டண்ட் அகதிகளால் ஊர் திரும்ப முடியவில்லை.

கையெழுத்தோடு வேலை முடியவில்லை. படைகள் எப்போது விலகும், பணம் யார் தருவது என்று நியூரம்பர்கில் 1650 வரை பேசினார்கள். பிரான்சும் ஸ்பெயினும் 1659 வரை போரிட்டன. போப் பத்தாம் இன்னொசென்ட் உடன்படிக்கையின் மதம் பற்றிய பிரிவுகளைக் கண்டித்து அறிக்கை விட்டார். இத்தகைய எதிர்ப்பு செல்லாது என்ற வாசகம் உடன்படிக்கையிலேயே முன்கூட்டி எழுதப்பட்டிருந்தது.

இறையாண்மை அரசுகளின் உலக ஒழுங்கு இங்கே பிறந்தது என்ற கருத்து பாடநூல்களில் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. உடன்படிக்கைகளில் அப்படி எதுவும் இல்லை என்று அண்மைக்கால ஆய்வாளர் பலர் வாதிடுகின்றனர். மியூன்ஸ்டர், ஆஸ்னாபுரூக் ஆகிய இரு ஊர்களின் நகர மன்றங்களுக்கும் ஐரோப்பிய மரபுரிமை அடையாளம் வழங்கப்பட்டுள்ளது. இந்தச் சமாதானத்தின் நினைவாக ஆக்ஸ்பர்க் நகரில் 1650 முதல் ஆகஸ்ட் 8 அமைதித் திருநாளாகக் கொண்டாடப்படுகிறது. இன்று அந்த ஒரு நகருக்கு மட்டும் அது பொது விடுமுறை.